கீழிருந்து வளர்ந்த படிகள்

அந்த வருசக் கொடைத் திருவிழாவில், உச்சிவெயில் நேரத்தில், உடைமரத்தேரி வெட்டவெளியம்மன் முன்னால் இருந்தவர்கள் இவர்கள்: மூன்றாம் படியில் வாக்குச் சொல்கிற பலவேசம், ஒருவர். இரண்டாம் படியில் விளக்குப் பார்க்கிற செல்லக்குட்டியும் ஆதிலிங்கமும், இருவர். முதல் படியில் பெருக்கித் தண்ணீர் தெளிக்கிற லிங்கக்கனியும் அவளோடு இன்னும் மூன்று பேரும், நால்வர். தரையில் மேளக்காரர் இருவர், குலவையிட வந்த பெண்கள் ஒன்பது பேர், ஆண்கள் ஏழு பேர், இடுப்பில் இருந்த பிள்ளைகள் மூன்று. கணக்குக்கு நிற்கிற தங்கப்பழம் ஒருவர். ஆக இருபத்தொன்பது பேர். ஆதிலிங்கம் வீட்டு நாயும் வந்திருந்தது. நாயைச் சேர்ப்பதில்லை.

வெட்டவெளியம்மனுக்குக் கூரை கிடையாது, சுவர் கிடையாது, முகம்கூடக் கிடையாது. செம்மணல் தேரியின் நடுவில் மூன்று கல்படி, படிக்கு மேல் ஒரு பீடம், பீடத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கல், அந்தக் கல்லின் இடப்பக்கத்தில் ஒரு விரல் நுழைகிற குழி. குழிதான் காது. முகம் இல்லாவிட்டாலும் காது இருந்தால் போதும் என்று அந்த ஊர் ஆட்கள் நினைத்தார்கள். படி ஒவ்வொன்றும் முக்கால் முழ உயரம். ஏறுகிறவனுக்கு ஏறுகிறோம் என்ற நினைப்பு இருக்கட்டும் என்று அப்படி வைத்தார்களாம். முதலாவது பெருக்குப் படி, இரண்டாவது விளக்குப் படி, மூன்றாவது வாக்குப் படி. எந்தப் படியின் பொறுப்பு யாருக்கோ அவர்கள்தாம் அதில் கால் வைக்கலாம்.

ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போக நாற்பத்தொரு நாள் விரதம். விரதம் தொடங்குகிற அன்று தங்கப்பழம் தன் ஓலைப்பெட்டியைத் திறந்து நாற்பத்தொரு குன்றிமணி எண்ணி மஞ்சள் துணியில் முடிந்து கொடுப்பார். விரதக்காரர் தினமும் விடியலில் குளித்து, ஈரம் சொட்ட வந்து, முடிச்சுக்குள் விரலை விட்டு ஒரே ஒரு குன்றிமணியை எடுத்து, படியோரம் புதைத்திருக்கும் கலயத்தில் போட வேண்டும். முடிச்சில் எத்தனை இருக்கிறதென்று விரதக்காரர் எண்ணக் கூடாது. எண்ணுவது கணக்கரின் பொறுப்பு, அதில் இன்னொருவர் கை நுழையக் கூடாது. நாற்பத்தோராவது நாள்தான் கொடை. உச்சியில் கலயத்தைக் கவிழ்த்து எல்லாரும் பார்க்க எண்ணுவார். நாற்பத்தொன்று இருந்தால் ஏறலாம். குறைந்தால் குறைந்ததுதான். அடுத்த வருசம் என்ற பேச்சே கிடையாது, ஆயுசுக்கும் நின்ற படியே படி. ஒரு நாளை மறந்தவர் அம்மனையே மறப்பார், ஒரு நாளை மறைத்தவர் எதையும் மறைப்பார் என்று அதற்கு நியாயம் சொல்வார்கள்.

கணக்கர் மட்டும் எந்தப் படியிலும் கால் வைக்கக் கூடாது. எந்தப் படிக்கும் ஆசைப்படாமல் தரையில் நிற்பவன்தான் ஒழுங்காக எண்ணுவான் என்பது ஏற்பாடு. தங்கப்பழம் தினம் முப்பத்திரண்டு பனை ஏறி இறங்குகிறவர், இந்த மூன்று படியை ஏறாதவர். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். நாலு பேர் கூடி நின்றால் ஒதுங்கிச் சுற்றிப் போகிற கூச்சக்காரர். வருசம் முழுதும் அவர் வாயிலிருந்து சத்தமாக வருகிற ஒரே வார்த்தை கொடையன்று சொல்கிற எண்ணிக்கைதான், அதனாலேயே அந்த ஒரு வார்த்தையை ஊரே நம்பியது.

அந்த வருசம் விளக்குப் படிக்கு விரதம் இருந்தவள் லிங்கக்கனி. முப்பத்தெட்டு வயது. புருசன் தோணியில் தீவுச் சரக்கு ஏற்றிப் போகிறவன், வருசத்தில் எட்டு மாதம் கடலில். அவள் பதினோரு வருசம் பெருக்கியிருந்தாள். செம்மண்ணில் அவள் ஈர்க்குவாரியல் இழுத்த கோடுகள் வாரிச் சீவிய தலை போல இருக்கும்.

கொடையன்று விடியலில் அவள் ஈரச் சேலையோடு தங்கப்பழம் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, முடிச்சுக்குள்ள ஒண்ணும் இல்ல."

"போட்டிருப்ப."

"நேத்துப் போட்டதோட தீந்துட்டு. இன்னைக்கிப் போட ஒண்ணு வேணும்லா?"

"நான் நாப்பத்தொண்ணுதான் எண்ணிக் குடுத்தேன், லிங்கக்கனி."

"நீங்க எண்ணுனா சரியாத்தான் இருக்கும்," என்றாள் அவள். அதில் குத்தல் இல்லை. உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னாள். "ஒருவேள ஒருநாள் ரெண்டு வெரல்ல ஒட்டி விழுந்திருக்குமோ?"

"விழுந்திருந்தா கலயத்துல கெடக்கும். உச்சியில பாப்போம்."

உச்சியில் பார்த்தார்கள். தங்கப்பழம் கலயத்தைக் கவிழ்த்து, பத்துப் பத்தாகக் கூறு வைத்தார். நாலு கூறு வந்தது. கலயத்துக்குள் கை விட்டுத் துழாவினார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார். பிறகு எழுந்து நின்று, வருசத்துக்கு ஒருமுறை வருகிற அந்தச் சத்தத்தில், "நாப்பது" என்றார்.

மேளம் நின்றது. குலவைக்கு வாயெடுத்த ஒன்பது பெண்களில் எட்டுப் பேர் வாயை மூடிக்கொண்டார்கள். ஒன்பதாவது சொர்ணம்.

"புருசன் தோணிக்குப் போன வீடு," என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம், எல்லாருக்கும் கேட்கும்படியாக. "ஒருநாள் கொறஞ்சிருக்குன்னா அன்னைக்கி என்ன விசேசமோ, யாரு கண்டா?"

"மதினி, நான் ஒருநாளும் விடல," என்றாள் லிங்கக்கனி.

"அப்ப அண்ணாச்சி தப்பா எண்ணுதாரோ?"

லிங்கக்கனி தங்கப்பழத்தைப் பார்த்தாள். அவர் குன்றிமணிகளைப் பெட்டியில் அள்ளிக்கொண்டிருந்தார். "இல்ல, அவரு சரியாத்தான் எண்ணுவாரு," என்று சொல்லிவிட்டு, வாரியலை எடுத்துக்கொண்டு முதல் படியிலேயே நின்றாள்.

அன்று பொழுது சாய, பெட்டியின் அடி பிய்ந்திருக்கிறதே என்று புது ஓலை வைத்துப் பொத்த உட்கார்ந்தார் தங்கப்பழம். அடியில் இரண்டு ஓலைக்கு நடுவில் ஒரு குன்றிமணி சிக்கியிருந்தது. சிவப்பு உடம்பும் கறுப்புக் கண்ணுமாக அது அவரைப் பார்த்தது. அவர் பெட்டியில் மொத்தம் எத்தனை இருக்க வேண்டும், கொடுத்தது எத்தனை, திரும்பியது எத்தனை என்று கூட்டிக் கழித்துப் பார்த்தார். மூன்றுமுறை பார்த்தார். எண்ணும்போது பெட்டியிலிருந்து எடுத்ததாக நினைத்து விரல் வெறுமனே மடங்கியிருக்கிறது. நாற்பது கொடுத்து நாற்பத்தொன்று என்று சொல்லியிருக்கிறார்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று அதைச் சுண்ணாம்பு டப்பாவில் போட்டு மூடினார். மறுநாள் பந்தல் பிரிக்கிற நாள், எல்லாரும் வேலையாக இருந்தார்கள். அதற்கு மறுநாள் வெள்ளிக்கிழமை, நல்ல நாளில் எதற்கு. அதற்கடுத்த நாள் லிங்கக்கனி எதிரே வந்தாள், கூடவே நாலு பேர் வந்தார்கள், அவர் சுற்றிப் போய்விட்டார். அவர் தப்பாக எண்ணினார் என்று ஆனால் இதுவரை அவர் எண்ணியதெல்லாம் என்ன ஆகும், செல்லக்குட்டி ஏறியது சரியா, பலவேசம் ஏறியது சரியா என்று ஊர் கேட்காதா என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டார். நியாயம் சரியாகத்தான் இருந்தது. டப்பாவைத் திறந்து சுண்ணாம்பு எடுக்கும்போதெல்லாம் கறுப்புக் கண் பார்த்தது, அவர் வெற்றிலை போடுவதை விட்டுவிட்டார்.

மறு வருசக் கொடை விடிந்தபோது அம்மனுக்கு நாலு படி இருந்தது.

புதுப்படி மேலே வரவில்லை. தரைக்கும் பழைய முதல் படிக்கும் நடுவில், கீழிருந்து வந்திருந்தது. அதே கல், அதே முக்கால் முழம். புதுக்கல் போலவும் இல்லை. நூறு வருசம் மிதிபட்டது போல நடுவில் தேய்ந்து, இரண்டு பாதம் நிற்கிற அளவுக்குக் குழிந்திருந்தது. அம்மனும் பீடமும் விளக்கும் முக்கால் முழம் மேலே போயிருந்தார்கள். அதை முதலில் பார்த்தவள் பெருக்க வந்த லிங்கக்கனி. அவள் அதன் மேல் கிடந்த மணலைப் பெருக்கிவிட்டு, தண்ணீர் தெளித்துவிட்டு, போய் ஆட்களைக் கூட்டி வந்தாள்.

வந்தவர்கள் படி எப்படி வந்தது என்று கேட்கவில்லை. அதில் யார் நிற்பது என்று கேட்டார்கள்.

"முதல் படிக்காரங்க நிக்கிற படி இப்ப ரெண்டாவதாச்சு," என்றார் ஆதிலிங்கம். "அப்ப அவங்க ரெண்டாம் படிக்காரங்களா? விளக்கு அவங்களுக்கா?"

"அது எப்பிடிவே விளக்கு அவங்களுக்கு? நீரு மூணாம் படிக்கு வந்துட்டீரு, வாக்குச் சொல்லும் பாப்போம்!" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

உச்சிவரை பேசினார்கள். கடைசியில் பலவேசம் மேலிருந்து தீர்த்துவைத்தார். படி நகர்ந்தாலும் பொறுப்பு நகராது. விளக்கு மேலிருந்து இரண்டாவது படியில், அங்கேயே இருக்கட்டும். பெருக்குவது தரையை ஒட்டிய வேலை, பெருக்குகிறவர்கள் புதுப்படிக்கு இறங்கட்டும். நடுவில் காலியாகிற படிக்கு ஒரு பொறுப்பு யோசிப்போம்.

நால்வரும் இறங்கினார்கள். லிங்கக்கனியின் காலுக்கும் தரைக்கும் இருந்த தூரம் அப்படியே இருந்தது. அம்மனுக்கும் அவளுக்கும் இருந்த தூரத்தில் முக்கால் முழம் கூடியிருந்தது. அவள் பாதம் புதுப்படியின் குழியில் அச்சாகப் பொருந்தியதைத் தரையில் நின்ற தங்கப்பழம் பார்த்தார். வேறு யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு வருசம் ஒரு படி. கொடை விடியலில் வந்திருக்கும், எப்போதும் கீழிருந்துதான் வரும், எப்போதும் தேய்ந்தே வரும். ஊர் பழகிக்கொண்டது. படிக்கு ஒரு பொறுப்பு, பொறுப்புக்கு ஒரு விரதம், விரதத்துக்கு நாற்பத்தொரு குன்றிமணி. செருப்புப் பார்க்கிற படி வந்தது, வாக்குச் சொல்கிறவருக்குக் குடை பிடிக்கப் போகிறவர் நிற்கிற குடைப் படி வந்தது, எண்ணெயை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்கி மேலே கொடுக்க மூன்று படி வந்தது, வாக்கை ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாங்கிக் கீழே சொல்ல நாலு படி வந்தது. பொறுப்பு எதுவும் தோன்றாத ஒரு வருசத்தில் வந்த படிக்குச் சும்மாப் படி என்று பேர் வைத்தார்கள். அதில் நிற்கத்தான் அதிகப் போட்டி. பெண் கேட்டு வந்தவர்கள் மாப்பிள்ளை எந்தப் படி என்று விசாரித்தார்கள். குடைப் படிக்காரர் செருப்புப் படிக்காரர் வீட்டில் கை நனைக்க யோசித்தார். மேலே பலவேசத்திடம் கேள்வி போய், வாக்கு இறங்கி வருவதற்குள் கேட்டவள் வீட்டுக்குப் போய் உலை வைத்துச் சோறு வடித்துவிட்டு வந்துவிடலாம் என்று சொர்ணம் சொன்னாள். பிறகு அவளும் விரதம் இருந்து வாக்கு வாங்குகிற படி ஒன்றில் ஏறிவிட்டாள்.

ஒன்பதாவது வருசம் அளக்கிற ஆள் ஒருவர் ஜீப்பில் வந்தார். நாடா பிடித்தார், மண்ணைத் தோண்டிப் பார்த்தார், தாளில் எழுதினார்.

"படி வளரலைங்க," என்றார். "காத்துல மண்ணு அரிச்சுட்டுப் போகுது. தரைதான் வருசா வருசம் எறங்குது."

"அப்ப அம்மன் அங்கனயேதான் இருக்கா, நாங்கதான் கீழ போறோம்ங்கியளா?" என்றாள் சொர்ணம் தன் படியிலிருந்து.

"ஆமா, அப்பிடித்தான்."

ஊர் அதையும் மறுக்கவில்லை. அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். தங்கப்பழத்துக்கு மட்டும் அந்த வார்த்தை உள்ளே இறங்கி அங்கேயே கிடந்தது.

லிங்கக்கனியோடு முதல் படியில் நின்ற மூன்று பேரும் ஒவ்வொருவராக விரதம் இருந்து ஏறிப் போய்விட்டார்கள். ஏறியவர்களுக்கு அவள் பெருக்கிக் கொடுத்தாள். ஒவ்வொரு கொடைக்கும் ஒரு படி இறங்கினாள். தங்கப்பழத்துக்குக் கணக்கு வேலை கூடியது, மரியாதை கூடியது, விரதக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொரு முடிச்சையும் அவர் மூன்றுமுறை எண்ணிக் கொடுத்தார். அத்தனை வருசத்தில் எவருக்கும் ஒன்று குறைந்ததில்லை. ஒவ்வொரு கொடை விடியலிலும் சொல்லிவிடுவது என்று சுண்ணாம்பு டப்பாவை மடியில் கட்டிக்கொண்டு போவார், போனால் புதுப்படி வந்திருக்கும், ஆட்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள், பேச்சை இடைவெட்ட அவருக்குக் கூச்சமாக இருக்கும். வருசத்துக்கு ஒரு கூச்சம், கூச்சத்துக்கு ஒரு படி என்று அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. சொல்லாத கணக்கை எண்ணுகிற பொறுப்பு மட்டும் யாருக்கும் இல்லை.

இப்படிப் பத்தொன்பது வருசம்.

பத்தொன்பதாவது கொடைக்கு முந்தின நாள், காலை வெயிலில், லிங்கக்கனி அவர் வீட்டு வாசலுக்கு வந்தாள். ஐம்பத்தேழு வயது. முப்பது வருசம் குனிந்த இடுப்பு. முட்டி இரண்டும் பனங்காய் மாதிரி வீங்கியிருந்தன. முற்றத்தில் போட்டிருந்த பனந்தடியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"பெருக்கவும் ஆவாதுன்னு சொல்லிட்டாவ அண்ணாச்சி. நாளையோட வாரியல வேற ஆளுகிட்டக் குடுத்துட்டுத் தரையில நின்னுக்கிடணுமாம். மேலருந்து வாக்கு வந்துட்டு."

"ம்."

"ஒரு சந்தேகம். தரையில நிக்கிறவங்க அம்மன் காதுல பேரு சொல்லலாமா?"

அது விளக்குப் படிக்காரர்களுக்கு மட்டும் உள்ள உரிமை. கொடை உச்சியில் திரி ஏற்றியதும் அவர்கள் அம்மன் காதில் ஒரு பேர் சொல்லலாம். யார் பேரை வேண்டுமானாலும் சொல்லலாம், எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை.

"யாரு பேரு?" என்று கேட்டார் தங்கப்பழம்.

லிங்கக்கனி முட்டியைத் தடவிக்கொண்டாள். "எனக்கு ஒரு பொட்டப்பிள்ள பொறந்துதுல்லா. நீங்க மறந்திருப்பிய. ஒம்பது நாள் இருந்துது. அவுக தோணியில இருந்தாவ, அவுக வந்ததும் பேரு வைப்போம்னு இருந்தேன். மனசுல ஒரு பேரு வச்சிருந்தேன். பேரில்லாத பிள்ளையாக் கொண்டுபோய்ப் பொதச்சாச்சு. அந்தப் பேர இன்னும் ஒருத்தர்ட்டயும் சொல்லல. மொதல்ல அம்மன் காதுல சொல்லிட்டா, அவ கணக்குல பிள்ள சேந்துரும்லா. அதுக்குத்தான் விளக்குப் படிக்கு நின்னேன்."

தங்கப்பழம் எழுந்து போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"நானும் ரோசிச்சு ரோசிச்சுப் பாத்துட்டேன், எந்த நாள விட்டேன்னு. இருவதாம் நாளு எனக்குக் காச்சலு. பொதன்கெழம. அன்னைக்கித் தண்ணி ஊத்துனது நெனவிருக்கு, நடந்து வந்தது நெனவிருக்கு, போட்டது மட்டும் நெனவில்ல. அன்னைக்கித்தான் விட்டிருப்பேன். நீங்க நாப்பதுன்னு சொன்னப்ப ஒரு நிமிசம் உங்களச் சந்தேகப்பட்டுட்டேன் அண்ணாச்சி. அத மனசுல வச்சுக்கிடாதிய."

அவள் எழுந்து போனாள். முன்பே இது தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனே என்று நினைத்தார். உடனே வெட்கமாக இருந்தது. அவள் எதற்காகக் கேட்டால் என்ன, நாற்பத்தொன்று நாற்பத்தொன்றுதானே.

மறுநாள் விடிந்தபோது இருபத்திரண்டு படி இருந்தது. உச்சிக்கு வந்தவர்கள் முன்னூற்றுப் பன்னிரண்டு பேர். பத்தொன்பது வருசத்துக்கு முன்னால் இருந்த இருபத்தொன்பதில் பதினாறு பேர் அதில் இருந்தார்கள். தங்கப்பழம் அந்த வருச விரதக்காரர் இருவரின் கலயத்தையும் கவிழ்த்து எண்ணி, நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று என்று சொன்னார். குலவை எழுந்து அடங்கியது. வழக்கமாக அதோடு உட்கார்ந்துவிடுவார். உட்காரவில்லை. மடியிலிருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்தார், திறக்க வரவில்லை, பல்லால் நெம்பித் திறந்தார்.

"லிங்கக்கனிக்கும் நாப்பத்தொண்ணு," என்றார். எண் மட்டும் சத்தமாக வந்தது. "நான் நாப்பதுதான் குடுத்தேன். ஒண்ணு பெட்டியில சிக்கிக் கெடந்துது. அன்னைக்கிச் சாயங்காலமே பாத்துட்டேன்."

காற்றில் மணல் ஓடுகிற சத்தம் கேட்டது. சொர்ணம்தான் முதலில் பேசினாள்.

"ஒண்ண எண்ணி முடிக்கப் பத்தொம்பது வருசமா அண்ணாச்சி உமக்கு?"

அவர் தலை குனிந்தார். யாரும் சிரிக்கவில்லை. தான் அன்று சொன்னதும் சொர்ணத்துக்கு நினைவு வந்திருக்க வேண்டும், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

லிங்கக்கனி அவர் உள்ளங்கையிலிருந்து குன்றிமணியை எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தாள். சுண்ணாம்பிலேயே கிடந்தும் அதன் சிவப்பு மங்கியிருக்கவில்லை.

"அப்ப அந்தப் பொதன்கெழம நான் போட்டிருக்கேன்," என்றாள்.

"போட்டிருக்க, தாயி."

"காச்சலோட."

"ஆமா."

அவள் அவரைத் திட்டுவாள் என்று முன்னூற்றுப் பத்துப் பேரும் காத்திருந்தார்கள். அவரும் காத்திருந்தார். அவள் குன்றிமணியைக் கலயத்தில் போட்டாள். அது வெறும் கலயம், ணங்கென்று சத்தம் வந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தாள்.

குடைப் படிக்காரர் குறுக்கே பேசினார். விளக்குக்கு விரதம் சரி, நடுவில் உள்ள படிகளுக்கு அவள் விரதம் இருக்கவில்லையே, குடைப் படியில் கால் வைக்கக் குடைக்கல்லவா இருந்திருக்க வேண்டும் என்றார். நியாயம் கேட்டுக் கேள்வி மேலே போனது. பலவேசம் மேலே குடைக்குள் வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தார். வாக்கு வாய் வாயாக இறங்கி வரும்வரை லிங்கக்கனி ஒற்றைக் காலைத் தூக்கி வைத்தபடியே நின்றாள். கடைசியில் சொர்ணம் வாங்கிச் சொன்னாள்: "ஏறட்டும். நடுவுல உள்ளதெல்லாம் அவ கொறையில வந்த படிதானே."

குறை அவளுடையது இல்லை என்று தங்கப்பழம் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் முதல் படி ஏறி, இரண்டாவது ஏறி, மூன்றாவதில் தடுமாறிவிட்டாள்.

"அண்ணாச்சி, கையக் குடுங்க."

"நான் படியில..."

"இன்னும் என்னத்தக் காப்பாத்தப் போறிய?"

தங்கப்பழம் செருப்பைக் கழற்றிவிட்டு, அறுபத்தெட்டு வயதில், முதல் தடவையாக அம்மன் படியில் கால் வைத்தார். கல் சுட்டது. குழியில் கால் பொருந்தவில்லை, அது அவர் அளவு இல்லை. அவள் கையைப் பிடித்துத் தூக்கினார். நாலு. ஐந்து. ஒவ்வொரு முக்கால் முழத்துக்கும் அவள் இரண்டு கையாலும் தன் முட்டியையே தூக்கி வைத்தாள், வேறு யாருடைய காலையோ எடுத்து வைப்பது போல. ஆறாவதில் சிரித்தாள். "எறங்கி எறங்கியே பழகிட்டு அண்ணாச்சி, ஏற மறந்துட்டு இது." ஏழு. எட்டாவதில் உட்கார்ந்துவிட்டாள்.

கீழே இளவட்டங்கள் நாற்காலி கொண்டுவரவா என்று கத்தினார்கள், நாலு பேர் சேர்ந்து தூக்கிவிடலாம் என்றார்கள்.

"பொணத்தத்தான்ல தூக்கிட்டுப் போவாவ!" என்று அவள் திரும்பக் கத்தினாள். மூச்சு இரைத்தது. தங்கப்பழம் கையை நீட்டிக்கொண்டே நின்றார். அவள் நீட்டிய கையைப் பார்த்தாள், முட்டியைப் பார்த்தாள், மறுபடி எழப் பார்த்தாள், பாதி எழுந்து உட்கார்ந்தாள். மறுபடி எழப் பார்த்தாள். மூன்றாவது தடவை எழப் பார்க்கவில்லை.

சொல்லிவிட்டால் படிகள் வந்த வழியே மண்ணுக்குள் போய்விடும் என்று தங்கப்பழம் உள்ளூர நம்பியிருந்தார். அவர் நாற்பத்தொன்று என்று சொன்ன அந்த நொடியில் காலுக்குக் கீழே ஏதாவது அசைகிறதா என்று கூர்ந்து பார்த்திருந்தார். ஒரு மணல்கூட அசையவில்லை. அடுத்த வருசம் புதுப்படி வரவில்லை, அதற்கடுத்த வருசமும் வரவில்லை. வந்த படி எதுவும் போகவும் இல்லை.

மேலே திரி ஏற்றிவிட்டார்கள். உச்சிவெயிலில் சுடர் தெரியவில்லை, அதற்கு மேலே காற்று நடுங்குவது மட்டும் தெரிந்தது. மேளம் நின்றது. பேர் சொல்கிற நேரம்.

"இங்கனயே சொல்லிக்கிடுதேன்," என்றாள் லிங்கக்கனி. "கேக்குமா அண்ணாச்சி?"

அவருக்குத் தெரியவில்லை. தெரியாததைச் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை. ஒரே ஒரு தடவைதான் அப்படிச் செய்திருந்தார். அதனால் ஒரு படி கீழே இறங்கி, அந்தப் பேர் தன் காதில் முதலில் விழுந்துவிடக் கூடாதென்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, முகத்தை மேலே திருப்பிக்கொண்டார். அவள் உட்கார்ந்தபடியே முன்னால் சாய்ந்து, அடுத்த படியின் கல்லில் வாயை வைத்து, அதுதான் காது என்பது போல மெல்லப் பேசுவது கடைக்கண்ணில் தெரிந்தது. பேர் நீளமான பேராக இருக்க வேண்டும், அல்லது அவள் பலமுறை சொல்லியிருக்க வேண்டும். உதடு அசைந்துகொண்டே இருந்தது. அவர் செய்வதற்கு வேறொன்றும் இல்லாமல், தனக்குத் தெரிந்த ஒன்றையே செய்தார். அவள் வாய் வைத்த படியில் தொடங்கி விளக்குப் படிவரைக்கும், விரலை மடக்காமல், கண்ணாலேயே எண்ணினார். தப்பாகிவிடக் கூடாதென்று மறுபடி எண்ணினார். மூன்றாவது முறையும் எண்ணினார்.

பதிமூன்று.